வராத பதினேழு நாட்கள்

மூன்றாம் வகுப்பில் எண்பத்தாறு பிள்ளைகள். நாற்பது பேருக்கென்று கட்டிய அறை அது. பதினான்கு பெஞ்சு. பெஞ்சுக்கு நாலு பேராக நெருக்கி உட்கார்ந்தால் ஐம்பத்தாறு பேருக்கு இடம் கிடைக்கும். மீதிப் பேர் தரையில். பெஞ்சில் இருக்கிற பிள்ளை சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வரவில்லை என்றால், தரையில் இருக்கிற பிள்ளை அந்த இடத்தில் ஏறிக்கொள்ளும். அப்புறம் அழுதாலும் புரண்டாலும் இடம் திரும்பக் கிடைக்காது. டீச்சர் போட்ட சட்டம் இல்லை இது, பிள்ளைகளே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. டீச்சருக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

டீச்சருக்கு நாற்பத்து நாலு வயது. அந்த அரசுப் பள்ளியில் பத்தொன்பது வருஷம். சேர்ந்த புதிதில் வகுப்புக்கு முப்பத்தைந்து பேர். யார் யாருடைய பிள்ளை, யாருக்குத் தம்பி பிறந்திருக்கிறது, யாருக்குப் பல் விழுந்திருக்கிறது, எல்லாம் அத்துப்படி. பிறகு நகரத்தின் அந்த ஓரத்தில் தொழிற்பேட்டை வந்தது. வேலைக்கு ஆட்கள் வந்தார்கள், வரிசை வரிசையாக வீடுகள் வந்தன. பள்ளிக்கூடம் மட்டும் இருந்தபடியே இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருகை எடுக்கவே கால் மணி நேரம் போகிறது என்று, நாலைந்து வருஷமாக டீச்சர் எண் சொல்லித்தான் கூப்பிட்டார். குனிந்த தலை நிமிராமல் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று போவார். "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வரும். குரல் வந்தால் பேனா ஒரு கோடு போடும். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாலாம் வகுப்பு தொண்டை கிழிய வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.

ஒரு புதன்கிழமை, பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம், ஒருவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். சட்டைக் கையில் பொட்டுப் பொட்டாகத் தீப்பொறி பட்ட ஓட்டைகள். தொழிற்பேட்டையில் வெல்டர் என்று சொன்னார்.

"டி.சி. வாங்க வந்தேன் டீச்சர். எம் பொண்ணு உங்க கிளாஸ்தான்."

"எத்தனாவது நம்பர்?"

கேட்ட பிறகுதான் டீச்சருக்கே என்னவோபோல் ஆனது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஐம்பத்து மூணுன்னு சொல்லுவா" என்றார். பேரையும் சொன்னார்.

அந்த மாதத்தில் இது நாலாவது டி.சி. மெயின் ரோட்டில் மூன்று மாடியில் தனியார் பள்ளி ஒன்று இருந்தது. போகிற பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் போயின. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். பதிவேட்டைத் திறந்து ஐம்பத்து மூன்றாம் எண்ணுக்கு நேராக விரலை ஓட்டினார். கோடு, கோடு, கோடு. ஒரு இடத்தில்கூட இடைவெளி இல்லை. அதைப் பார்த்ததும் டீச்சருக்கு ஒரு தெம்பு வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு எப்பேர்ப்பட்ட பொண்ணுன்னு தெரியுமா? இதுவரைக்கும் தொண்ணூத்து நாலு நாள் ஸ்கூல் நடந்திருக்கு. ஒரு நாள்கூட லீவு கிடையாது. என் கிளாஸ்ல இப்படி இன்னொரு பிள்ளை இல்ல. இவ்வளவு அக்கறையா வர்ற பிள்ளையை நடு வருஷத்துல எதுக்குக் கலைக்கறீங்க?"

வெல்டர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பாப்பாவுக்கு மஞ்சள் காமாலை டீச்சர். ஒரு வாரம் ஆஸ்பத்திரில கிடந்தா. அப்புறம் வீட்ல. போன திங்கக்கிழமைதான் எழுந்து உக்காந்தா. பதினேழு நாளா அவ ஸ்கூலுக்கு வரல."

டீச்சர் மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். அன்று காலையில்கூட ஐம்பத்து மூன்றுக்கு நேராகக் கோடு இருந்தது. மசி இன்னும் பளபளவென்று இருந்தது.

"லீவு லெட்டர் குடுத்தனுப்பினேனே, வரலையா?" என்றார் வெல்டர்.

"வரல."

வெல்டர் குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் டீச்சரும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். எண்பத்தாறு பேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று திருப்பிக் கேட்டிருப்பார். அவரோ, கடையில் சாமான் இல்லை என்று சொன்னால் சரி என்று திரும்புகிறவர் மாதிரி எழுந்துகொண்டார்.

"டி.சி. எப்பக் கிடைக்கும்?"

"நாளைக்கு" என்றார் டீச்சர்.

பிள்ளைகள் சாப்பிட்டுத் திரும்பியதும் டீச்சர் பதிவேட்டைத் திறக்காமல், வகுப்பைப் பார்த்தபடி, "ஐம்பத்து மூணு" என்றார்.

"உள்ளேன் டீச்சர்."

மூன்றாவது பெஞ்சிலிருந்து குரல். முன்பல் இல்லாத ஒரு பெண். ஐம்பத்து நாலாம் எண். சொல்லி முடித்த பிறகுதான் டீச்சர் தன்னையே பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. முகம் சுண்டிப்போய் எழுந்து நின்றாள்.

டீச்சர் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். கேட்டதும் திக்கித் திணறி ஒவ்வொன்றாக வந்தது. ஐம்பத்து மூன்றை எல்லோரும் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள், நடந்தால் சத்தமே வராது என்பதால். பூனை அவளுடைய பெஞ்சுக் கூட்டாளி. காய்ச்சல் என்று படுத்த முதல் நாளே, "என் எடத்த விட்றாதடி" என்று சொல்லியிருக்கிறாள்.

"நீங்க ஆப்சென்ட் போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிரும் டீச்சர். ரெண்டு நாளானா எடம் போயிரும். அதான் அவளுக்கும் சேத்து நானே சொன்னேன். என் பையை அவ எடத்துல விரிச்சு வெச்சுக்குவேன்."

"அவங்க அப்பா லெட்டர் குடுத்தாரா?"

பெண் ஓடிப்போய்ப் பையிலிருந்து எடுத்து வந்தாள். நாலாக மடித்து, ஓரம் கறுத்து, கணக்கு நோட்டுக்குள் இருந்திருக்கிறது. மரியாதைக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு என்று ஆரம்பித்து, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதியிருந்தார் வெல்டர்.

டீச்சருக்கு அந்தப் பெண்ணை அதட்டவும் மனம் வரவில்லை, தட்டிக்கொடுக்கவும் கை எழவில்லை. "போய் உக்காரு" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை மணி அடிப்பதற்கு முன் பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, முகம் பார்த்து எண்ணினார். அறுபத்தொன்பது பேர். காலையில் போட்ட கோடுகள் எண்பத்தொன்று. பன்னிரண்டு கோடுகளுக்குப் பிள்ளை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்து இடத்திலிருந்து ஒரு குரல் இருந்திருக்கிறது. ஒருவன் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய் மாதம் ஒன்று ஆகியிருந்தது. இரண்டு பேர் டி.சி. வாங்காமலே வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். ஒரு பெண் அம்மா வேலைக்குப் போவதால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். மற்றவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை.

டீச்சர் நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார்.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருந்தது. ஒழுகுகிற கூரைக்கும் உடைந்த குழாய்க்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்து செருப்புத் தேய்ந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"டீச்சர், மூணு வருஷமா மூணாம் வகுப்ப ரெண்டா பிரிச்சு இன்னொரு டீச்சர் குடுங்கன்னு எழுதிக்கிட்டு இருக்கேன். இந்த வருஷம்தான் சரின்னிருக்காங்க. வருஷக் கடைசி வரைக்கும் சராசரி வருகை எண்பதுக்குக் குறையக் கூடாது. அது ஒண்ணுதான் கேட்டாங்க. இப்ப நீங்க அறுபத்தொம்பதுன்னு எழுதினா அந்தப் போஸ்ட் போச்சு."

"இல்லாத பிள்ளைகளக் காட்டியா சார் டீச்சர் வாங்கறது?"

"இருக்கற பிள்ளைகளுக்குத்தானே டீச்சர் வருது?"

ஹெட்மாஸ்டர் குரலைத் தணித்தார்.

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் பதினேழு நாளத் திருத்தி டி.சி. குடுத்துருங்க. மத்தத வருஷம் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம். நான் ஒண்ணும் பாவம் பண்ணச் சொல்லல."

மறுநாள் டீச்சர் டி.சி. எழுதினார். தொண்ணூற்று நாலில் எழுபத்தேழு நாள். அலுவலக உதவியாளரிடம் கொடுத்து வைக்காமல், பள்ளி விட்டதும் தானே எடுத்துக்கொண்டு வெல்டர் வீட்டுக்குப் போனார்.

இரண்டு அறை வீடு. வெல்டரின் மனைவிக்குத் துணி ஆலையில் இஸ்திரிப் பிரிவில் வேலை, இன்னும் திரும்பவில்லை. ஜன்னல் ஓரத்தில் பாயில் பூனை உட்கார்ந்திருந்தாள். கண்ணில் மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை. மணிக்கட்டு குச்சி மாதிரி இருந்தது. டீச்சர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, டி.சி.யில் எழுதியதால் மனதில் நின்ற பேரைச் சொல்லி, "எப்படிம்மா இருக்க?" என்றார்.

பிள்ளை விழித்தாள். டீச்சர் ஆள் மாறிக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள் போல.

"டீச்சர், நான் ஐம்பத்து மூணு" என்றாள்.

வெல்டர் திரும்பி அடுப்பைப் பார்த்தார். டீச்சர் தலை குனிந்து கைப்பையில் எதையோ தேடினார்.

கொஞ்ச நேரம் கழித்துதான் அந்த முன்பல் இல்லாத பெண்ணைப் பற்றிச் சொன்னார். லெட்டரையும் எடுத்துக் கொடுத்தார். பூனை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெல்டர் லெட்டரைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்தார்.

"பதினேழு நாளும் அந்தப் பிள்ளைதான் சொல்லிச்சா?"

"ஆமாங்க."

"பரவால்ல. ஒருத்தராவது தினம் நெனச்சிருக்காங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வந்த விஷயத்தைக் கேட்காமல் போக மனமில்லை. "அந்த ஸ்கூல்தான்னு எப்படி முடிவு பண்ணினீங்க?" என்றார்.

"அங்க ஒம்பதரைக்குள்ள பிள்ளை வரலைன்னா வீட்டுக்குப் போன் பண்ணுவாங்களாம். நாங்க ரெண்டு பேரும் காலைல ஏழு மணிக்கே கெளம்பிருவோம். பிள்ளை போய்ச் சேந்துச்சா இல்லையான்னு தெரியாமயே வேல செய்யறோம். வெல்டிங் பண்ணும்போது நெனப்பு வேற எங்கயாவது போச்சுன்னா கை போயிரும் டீச்சர்." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம், உங்க பொண்ணும் அங்கதானே படிக்குது."

டீச்சர் நிமிர்ந்தார்.

"அந்த ஸ்கூலுக்குக் கைப்பிடிக் கம்பி வெச்சது நான்தான். ரெண்டு மாசம் வேலை. தினமும் காலைல நீங்க ஸ்கூட்டர்ல வந்து பொண்ண எறக்கி விடறதப் பாப்பேன். வீட்ல வந்து சொன்னேன்: நம்ம பாப்பாவோட டீச்சரே அவங்க பிள்ளையை இங்கதான் சேத்திருக்காங்க, அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போகுதுன்னு."

அவர் குத்திக் காட்டவில்லை. நல்ல டாக்டர் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட மாதிரி, நன்றியோடு சொன்னார். குத்திக் காட்டியிருந்தால் டீச்சர் தாங்கிக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கணவரிடம், "நம்ம பொண்ண எடுத்து எங்க ஸ்கூல்லயே போட்ரலாமா?" என்று கேட்டார். கணவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர், அளந்து பேசுகிறவர். காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"போடலாம். எந்த பெஞ்சுல உக்கார வெப்ப?"

டீச்சர் பின்னலை முடித்து ரப்பர் போட்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை. மகளை எடுத்து அரசுப் பள்ளியில் சேர்த்தார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். சேர்க்கவில்லை. அன்றும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் வாசலில்தான் இறக்கிவிட்டார். கைப்பிடிக் கம்பியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். பற்றவைத்த இடம் தெரியாமல் வழவழவென்று தேய்த்திருந்தது.

ஆனால் திங்கட்கிழமையிலிருந்து பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். பேர் சொல்லி, முகத்தைப் பார்த்து, பிறகு கோடு. பாதிப் பிள்ளைகளுக்கு முதல் நாள் தங்கள் பேர் வந்ததே பிடிபடவில்லை. பக்கத்தில் இருப்பவன் இடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணியைக் கணக்குப் பாடத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது, அதுவும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. பெஞ்சு இடங்களை வாரத்துக்கு வாரம் மாற்றினார். யாரும் நிரந்தரமாகத் தரையில் இல்லை, யாரும் நிரந்தரமாக பெஞ்சில் இல்லை. பெஞ்சுக்காரர்கள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் வராத பிள்ளைகளின் வீட்டைத் தேடிப் போனார். பன்னிரண்டில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். கைக்குழந்தை பார்த்த பெண், குழந்தையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். மற்ற எட்டுப் பேரும் வர மாட்டார்கள் என்று தெரிந்ததும் எழுதிக் கொடுத்துப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்.

சராசரி எழுபத்து மூன்றில் நின்றது. வருஷக் கடைசியில் கடிதம் வந்தது: வகுப்பைப் பிரிக்க முகாந்திரம் இல்லை.

ஹெட்மாஸ்டர் அதைப் படித்துக் காட்டவில்லை. மடித்து டீச்சரின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது டீச்சரின் முகத்தைப் பார்ப்பதில்லை. நாலாம் வகுப்பு டீச்சருக்கு இன்னும் கோபம். வருகிற புது டீச்சர் தன் பாரத்திலும் பாதியைத் தாங்குவார் என்று நம்பியிருந்தவர் அவர். "உங்க மனசு சுத்தமாச்சு. எங்க முதுகுதான் ஒடிஞ்சது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதிலும் தப்பில்லை என்றுதான் டீச்சருக்குத் தோன்றியது. மதியச் சாப்பாட்டைத் தனியாக வகுப்பிலேயே சாப்பிட ஆரம்பித்தார்.

அடுத்த வருஷம் தொடங்கி மூன்று மாதம் ஆனபோது, தனியார் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஒரு சனிக்கிழமை காலை. டீச்சர் மகளோடு மாடி வராந்தாவில் நாற்காலியில் காத்திருந்தார். எதிர் வகுப்பிலிருந்து வெல்டர் வெளியே வந்தார். கையில் ஒரு தாள். சலவைச் சட்டை போட்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நேரே வந்தார்.

"இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க டீச்சர். அந்த மிஸ் வேகமா பேசினாங்க. சின்னப் பொண்ணு, பாவம், வெளிய அவ்வளவு பேர் காத்திருக்காங்க. எனக்குப் பாதிதான் புரிஞ்சது."

டீச்சர் படித்தார். கையெழுத்து நன்று. ஒழுக்கம் நன்று. எழுத்துத் தேர்வில் பாதிக்கு மேல் மதிப்பெண். கடைசி வரியை நிதானமாகச் சொன்னார்: "வகுப்பில் பேசுவதில்லை. யாரோடும் சேருவதில்லை."

"ஆமா" என்றார் வெல்டர். "இங்க இங்கிலீஷ்லதான் பேசணுமாம். தப்பாச் சொன்னா சிரிக்கறாங்கன்னு வாயே தெறக்கறதில்ல. வீட்லயும் இப்ப பேச்சக் கொறச்சுட்டா. காலைல ஒம்பதரைக்கு எனக்குப் போன் வராது, அதனால வந்து சேந்துட்டான்னு நிம்மதியா வேல பாக்கறேன். அதுல ஒரு குறையும் இல்ல." தாளை வாங்கி மடித்தார். "நீங்களே சொல்லுங்க டீச்சர். இங்கயே விடவா, திரும்ப உங்ககிட்டயே கூட்டிட்டு வந்துரவா? நீங்க சொன்னா கேக்கறேன்."

கூட்டிட்டு வாங்க என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எத்தனை நாளாகக் கேட்கக் காத்திருந்த கேள்வி! டீச்சர் மகளைக் கீழே போய் விளையாடச் சொல்லி அனுப்பினார்.

"நாலாம் வகுப்புல இப்ப எழுபத்தெட்டுப் பேர். உங்க பொண்ணு வரலைன்னா தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் பாத்து அன்னிக்கே தெரிஞ்சுக்குவேன். அது மட்டும் உறுதி. ஆனா நாலாம் வகுப்புக்கு நான் வரமாட்டேன், வேற டீச்சர். பேச்சுத் துணைக்குப் பிள்ளைங்க இருக்காங்க, அதனால அங்க வாய் தொறப்பா. ஆனா அவ எந்தக் கணக்குல திணர்றான்னு பக்கத்துல உக்காந்து பாக்க யாருக்கும் நேரம் இருக்காது. பாதி நாள் தரைலதான் உக்காரணும். இத மறைச்சு உங்கள வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

வெல்டர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க உங்க பொண்ண இங்கருந்து எடுப்பீங்களா?" என்றார்.

"மாட்டேங்க."

"அப்ப பாப்பாவும் இருக்கட்டும் டீச்சர்" என்றார். அதிலும் கோபமில்லை. "கொஞ்ச நாள் போனா பேசுவா. பேசலைன்னா பாத்துக்கலாம்." பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

டீச்சரின் முறை வந்தது. உள்ளே இருந்த மிஸ்ஸுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். மேசையில் தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது. உங்கள் மகள் நன்றாகப் படிக்கிறாள், குறையே இல்லை என்றாள். டீச்சர் நன்றி சொன்னார்.

"உங்க கிளாஸ்ல எத்தன பேர்?" என்று கேட்டார்.

"இருபத்தாறு இருந்துச்சு. இப்ப முப்பத்தொம்பது" என்றாள் அந்தப் பெண், தாழ்ந்த குரலில். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வந்துக்கிட்டே இருக்காங்க மேடம்" என்றாள்.

டீச்சர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கீழே வந்து மகளை வீட்டில் விட்டுவிட்டு, சாப்பிடாமலே மறுபடி வண்டியை எடுத்தார். வியாழன், வெள்ளி இரண்டு நாளாக அவர் வகுப்பில் ஒரு பிள்ளை வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்று சொல்லியிருந்தார்கள்.